சாவடியின் கருவி பழுதானால் தண்டம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஒரு காரின் ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் போனால், குறை காரிலா சாவடியிலா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது பற்றி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் அரசுக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பற்றையும் வரவையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்ப்பதிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால், நூறு ரூபாய் விவகாரத்துக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று வாசகர்களுக்குத் தோன்றினால் அந்தப் பழக்கத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கடந்த 2025 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நானும் என் மனைவியும் மதுரையிலிருந்து சென்னைக்குக் காரில் புறப்பட்டோம். முதல் இரண்டு சாவடிகளில் கார் நெருங்கியதுமே தடுப்புக் கம்பம் உயர்ந்தது; அடுத்த சில நொடிகளில் கட்டணம் பிடிக்கப்பட்ட குறுஞ்செய்தியும் வந்தது. மூன்றாவது சாவடியில் கம்பம் அசையவில்லை. "கொஞ்சம் பின்னால எடுத்துட்டு முன்னால வாங்க சார்" என்றார் கூண்டுக்குள் இருந்தவர். அப்படியே செய்தேன், பயனில்லை. கையில் பிடிக்கும் ஸ்கேனருடன் ஓர் இளைஞர் வந்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு நேராக அதை மூன்று முறை காட்டினார். நான்காவது முறை காட்டுவதற்கு முன், ஸ்கேனரின் பின்பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். பழைய ரேடியோப் பெட்டியை நாம் எப்படித் தட்டுவோமோ அப்படி. கருவியின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்தது.

ஆனால் அவர் சொன்ன தீர்ப்பு வேறு. "பிளாக்லிஸ்ட்ல இருக்கு சார். கேஷ்னா டபுள், யுபிஐன்னா நூறு ரூபா." முந்தைய சாவடியில் ஒரு மணி நேரத்துக்கு முன் பணம் பிடிக்கப்பட்ட குறுஞ்செய்தியையும், கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருப்பு உள்ளதையும் கைப்பேசியில் காட்டினேன். "அது உங்க போன்ல சார். எங்க சிஸ்டத்துல பிளாக்லிஸ்ட்" என்றார். பின்னால் நின்ற பேருந்து ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. "கட்டிட்டு வாங்க, போகலாம்" என்றார் என் மனைவி. எண்பது ரூபாய்க் கட்டணத்துக்கு நூறு ரூபாயை யுபிஐ வழியாகச் செலுத்திவிட்டுப் புறப்பட்டேன். கையில் கொடுத்த துண்டுச் சீட்டில் வண்டி எண்ணும் நேரமும் தொகையும் இருந்தன. ஏன் கூடுதலாக வாங்கப்பட்டது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. அடுத்த சாவடியில் அதே ஃபாஸ்டேக்குக்குக் கம்பம் தடையின்றி உயர்ந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மூன்றாம் நாள் பிற்பகல், அந்த மூன்றாவது சாவடியின் பெயரில் எண்பது ரூபாய் பிடிக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் குறிப்பிட்டிருந்த பயண நேரமும், சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டின் நேரமும் இரண்டு நிமிடங்களே வேறுபட்டன. எந்த ஸ்டிக்கரைப் படிக்க முடியவில்லை, கறுப்புப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி என்னிடம் ஒன்றேகால் மடங்கு வாங்கினார்களோ, அதே ஸ்டிக்கரை மேலே இருந்த கருவி அதே நேரத்தில் படித்திருக்கிறது. அப்படிப் படித்த விவரத்தை வங்கிக்கு அனுப்புவதில்தான் இரண்டு நாள் தாமதம். ஆக, ஒரு முறை சாவடியைக் கடந்ததற்கு நான் கொடுத்தது நூற்று எண்பது ரூபாய்.

இது எப்படி நேர்கிறது என்பதை ஓரளவு விளக்கினால்தான் என் கோரிக்கை புரியும். ஃபாஸ்டேக்கில் பணம் இருப்பதாகவே நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் ஒரு சில்லும் ஒரு மெல்லிய ஆன்டெனாவும் மட்டுமே உள்ளன, பேட்டரி கிடையாது. சாவடியின் மேல் பொருத்தப்பட்ட கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியைப் பெற்றுக்கொண்டு, அது தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. பணம் இருப்பது அந்த ஃபாஸ்டேக்கை வழங்கிய வங்கியின் கணக்கில். சாவடிக்காகக் கட்டணத்தை வசூலித்துத் தருவது இன்னொரு வங்கி. இரண்டுக்கும் நடுவே தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நடத்தும் இணைப்பு அமைப்பு இருக்கிறது. எந்தெந்த எண்களுக்கு வழிவிடக் கூடாது என்ற பட்டியல் இந்த அமைப்பின் வழியாகச் சாவடியின் கணினிக்கு வந்து சேர்கிறது. இருப்பு இல்லாமை, வாடிக்கையாளர் விவரம் முழுமையாகாமை, வண்டியின் பதிவெண்ணோ சேசிஸ் எண்ணோ பொருந்தாமை என்று பட்டியலில் சேர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. சாவடியின் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தால் பழைய பட்டியலே அங்கே ஆட்சி செய்யும். அந்த நேரத்தில் படிக்கப்பட்ட எண்கள் தேங்கிக் கிடந்து, தொடர்பு திரும்பிய பின்னர் வங்கிக்குப் போகும்.

ஆக, கம்பம் உயராததற்கு ஓட்டுநரின் ஃபாஸ்டேக்கும் அதன் கணக்கும், சாவடியின் கருவி, வங்கிகளுக்கு நடுவே உள்ள இணைப்பு அமைப்பு, சாவடியின் இணையத் தொடர்பு என்று நான்கு இடங்களில் எங்கு வேண்டுமானாலும் காரணம் இருக்கலாம். அந்த நான்கில் ஓட்டுநரின் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஆனால் தண்டம் மட்டும் எப்போதும் ஓட்டுநருக்கே விழுகிறது.

விதி இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2018 மே 7 அன்று, தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் ஒரு திருத்தத்தை அரசிதழில் வெளியிட்டது. செல்லத்தக்க, இயங்கும் நிலையில் உள்ள ஃபாஸ்டேக்கும் அதனோடு இணைந்த கணக்கில் போதிய இருப்பும் கொண்ட ஒருவர், சாவடியின் மின்னணு வசூல் கட்டமைப்பில் ஏற்பட்ட கோளாறால் கட்டணம் செலுத்த இயலாமல் போனால், அவரை எந்தக் கட்டணமும் வாங்காமல் அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பும் ஒவ்வொரு முறையும் பூஜ்யத் தொகைக்கான ரசீதைக் கட்டாயம் தர வேண்டும் என்பதே அதன் சாரம். இரட்டிப்பு அல்ல, ஒன்றேகால் அல்ல, ஒற்றைக் கட்டணம்கூட அல்ல, பூஜ்யம். நான் ஃபாஸ்டேக் பயன்படுத்தத் தொடங்கிய நாள் முதல் எத்தனையோ சாவடிகளைக் கடந்திருக்கிறேன். பூஜ்ய ரசீது என்ற ஒன்றை இதுவரை கண்ணால் கண்டதில்லை. என் நண்பர்களிலும் கண்டவர் இல்லை. விதி தெரிந்து கேட்பவருக்கு மட்டும் கிடைக்கும் பொருளாக அது ஆகிவிட்டதோ என்னவோ. அன்று அந்த வரிசையில் நானே அதை நினைவுகூரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் வரிசைகள் அனைத்தும் ஃபாஸ்டேக் வரிசைகளாக அறிவிக்கப்பட்டு, ஃபாஸ்டேக் இல்லாமலோ, செல்லாத ஃபாஸ்டேக்குடனோ வரும் வண்டிகளுக்கு இரட்டிப்புக் கட்டணம் என்பது நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு சிறிய இரக்கம் 2025 நவம்பர் 15 முதல் சேர்ந்தது: ரொக்கமாகத் தந்தால் இரு மடங்கு, யுபிஐ மூலம் தந்தால் ஒன்றேகால் மடங்கு என்று அப்போது வகுத்தார்கள். இந்தத் திருத்தத்தை நான் வரவேற்கிறேன். ரொக்கத்தைக் குறைப்பதற்கும், இரட்டிப்பின் சுமையைத் தணிப்பதற்கும் அது உதவியிருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. இரட்டிப்புக் கேட்டால் ஓட்டுநர் இறங்கி வாக்குவாதம் செய்வார். மேலாளரைக் கூப்பிடச் சொல்வார். ஒன்றேகால் மடங்கு என்றால், இருபது ரூபாய்தானே என்று கட்டிவிட்டுப் போய்விடுகிறோம். சாவடியின் கோளாறு எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் அந்த இருபது ரூபாயில் கரைந்துவிடுகிறது.

இயங்கும் நிலையில் உள்ள ஃபாஸ்டேக் என்ற சொற்றொடரில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டிருக்கிறது. இயங்குகிறதா இல்லையா என்று சொல்பவர் யார்? கட்டணத்தைப் பெற்றுக்கொள்பவரே சொல்கிறார். தணிக்கையில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம், பணத்தைப் பெறுபவரும் அந்தப் பெறுதலைச் சரி என்று சான்றளிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது. இங்கே ஒரே ஆள் என்பது மட்டுமல்ல, எழுத்தில் எதுவும் தர வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பனிக்கால விடியலில் குல்லா அணிந்துகொண்டு புகைக்கு நடுவே நிற்கும் அவருக்குத் திரையில் சிவப்பாக ஒன்று தெரிகிறது; எந்தச் சிவப்பாக இருந்தாலும் அதற்கு அவர் அறிந்த ஒரே பெயர் பிளாக்லிஸ்ட்.

வண்டி வைத்திருப்பவர்களின் தவறே இதில் இல்லை என்று நான் வாதிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் லாரி ஒன்றின் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் என் காரின் முன்கண்ணாடி விரிசல் கண்டது. கண்ணாடியை மாற்றிய கடையில், பழைய ஃபாஸ்டேக்கை பிளேடால் மெல்ல உரித்து எடுத்துத் தரச் சொல்லி, வீட்டுக்கு வந்து இருபக்க நாடா வைத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டினேன். நூறு ரூபாயை மிச்சம் பிடித்த பெருமையில் இருந்தேன். உரிக்கும்போது உள்ளே இருந்த ஆன்டெனா கிழிந்திருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் சாவடியிலேயே குட்டு வெளிப்பட்டது. இரட்டிப்புக் கட்டணத்தை வாய் திறக்காமல் கட்டிவிட்டு, மறுநாளே புதிய ஃபாஸ்டேக் வாங்கினேன். அந்த ஸ்டிக்கரை உரித்தெடுத்தால் பழுதாகும்படியே செய்திருக்கிறார்கள், ஒரு வண்டியின் ஃபாஸ்டேக்கை இன்னொரு வண்டிக்கு மாற்றாதிருக்க, என்பது பிறகுதான் தெரிந்தது. கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு சாவடியில் எடுத்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவ்வாறு ஒட்டாமல் வைத்திருக்கும் ஃபாஸ்டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் முடிவெடுத்தது சரியான செயல்தான். நம் குறைக்கு நாம் தண்டம் கட்டலாம். சாவடியின் குறைக்கும் நாமே கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்க முடியாதது.

என்னைப் போன்ற சொந்தக் கார்க்காரருக்குக் கைப்பேசியாவது கையில் இருக்கிறது. வாடகை வேன் ஓட்டுபவரை நினைத்துப் பாருங்கள். ஃபாஸ்டேக் முதலாளியின் பெயரில். குறுஞ்செய்தி முதலாளியின் கைப்பேசிக்கு. இருப்பு எவ்வளவு என்று ஓட்டுநருக்குத் தெரியாது. இரவு இரண்டு மணிக்குக் கம்பம் உயராவிட்டால், முதலாளியை எழுப்புவதா, வண்டிக்குள் தூங்கும் பயணிகளிடம் கேட்பதா என்ற தயக்கத்தில் தன் பேட்டாவிலிருந்து எடுத்துக் கட்டிவிடுகிறார். காரணம் எழுதாத அந்தத் துண்டுச் சீட்டை மறுநாள் முதலாளியிடம் நீட்டினால், "ஃபாஸ்டேக்கில் பணம் இருந்ததே, நீ எதற்குக் கட்டினாய்?" என்ற கேள்விதான் வரும். எங்கள் தெருவில் வேன் ஓட்டும் ஒருவர் இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தைத் திரும்பப் பெற நான் செய்த முயற்சியையும் சொல்லிவிடுகிறேன். ஃபாஸ்டேக் வழங்கிய வங்கியில் முறையிட்டேன். சாவடி அனுப்பிய எண்பது ரூபாய்ப் பரிவர்த்தனை முறையானது, வண்டி கடந்திருக்கிறது, எனவே திருப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. தவறு அந்த எண்பதில் இல்லை. நான் யுபிஐ மூலம் கட்டிய நூறில் இருக்கிறது. அந்த நூறு ரூபாயைப் பற்றி ஃபாஸ்டேக் வங்கிக்கு எதுவும் தெரியாது; அது வேறு வங்கி, வேறு பேரேடு. யுபிஐ செலுத்திய வங்கியைக் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்கிறார்கள். அதுவும் சரி. நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033இல் பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். சாவடி அலுவலகமோ வங்கியைக் கேளுங்கள் என்று கைகாட்டியது. எல்லாரும் தத்தம் பேரேட்டில் சரியாகவே இருக்கிறார்கள். இரண்டு பேரேடுகளும் ஒருசேரக் கிடைக்கும் ஒரே இடம் சாவடியின் கணினி மட்டுமே. ஒரே வண்டி எண், ஒரே வரிசை, இரண்டு நிமிட இடைவெளி, இரண்டு வரவுகள்: இதை ஒரு கடைநிலை எழுத்தர் மாலையில் கணக்கு முடிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வண்டிகளைப் படிக்கும் கணினிக்கு அது கடினமான வேலையா என்ன?

எனவே தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். ஃபாஸ்டேக் இருந்தும் கூடுதல் கட்டணம் வாங்கப்படும் ஒவ்வொரு சீட்டிலும் காரணம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாக வேண்டும். இருப்பு இல்லை, விவரம் பொருந்தவில்லை, கருவியால் படிக்க முடியவில்லை, இணையத் தொடர்பு இல்லை என்று நான்கைந்து காரணங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கடைசி இரண்டில் ஒன்று அச்சானால், அந்தச் சீட்டின் தொகை தானாகவே பூஜ்யமாக வேண்டும். ஒரே கடப்புக்கு ஃபாஸ்டேக்கிலும் வெளியிலும் கட்டணம் வந்திருந்தால், கேட்காமலேயே கூடுதல் தொகை திரும்ப வேண்டும். 2018ஆம் ஆண்டின் விதியைத் தமிழில் எழுதி, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, கட்டண அட்டவணைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எந்தெந்தப் பிரமுகர்களுக்குக் கட்டண விலக்கு என்ற நீண்ட பட்டியலுக்குச் சாவடியில் இடம் இருக்கிறது. கட்டணம் செலுத்துபவருக்குரிய இரண்டு வரிகளுக்கும் இடம் இல்லாமல் போகாது.

2025 ஆகஸ்ட் 15 முதல் வந்துள்ள ஆண்டு அனுமதித் திட்டத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு ஓராண்டு அல்லது 200 பயணங்கள், எது முந்தியோ அதுவரை என்று வகுத்தார்கள். சொந்தக் கார், ஜீப், வேன்களுக்கு அது நல்ல சலுகை என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே தவறாகப் பிடிக்கப்படுவது பணமாக இருக்காது, ஒரு பயணமாக இருக்கும். எண்பது ரூபாய் குறைந்தால் கண்ணில் படும். மிச்சமுள்ள பயணங்கள் 143 என்பது 142 ஆனால் எத்தனை பேர் கவனிப்பார்கள்?

கம்பமே இல்லாமல், ஓடும் வண்டியின் ஃபாஸ்டேக்கையும் எண் பலகையையும் மேலிருந்து படித்துக் கட்டணம் பிடிக்கும் முறைக்கு நாடு நகர்ந்துகொண்டிருக்கிறது. குஜராத்தின் சோர்யாசி சாவடியில் அதைச் செயல்படுத்த 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் ஆயிற்று. வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும் என்பதால் அந்த நாளை நானும் எதிர்பார்க்கிறேன். அன்று ஸ்கேனரைத் தட்டிப் பார்க்கும் இளைஞர் இருக்க மாட்டார். ஏன் என்று கேட்பதற்கு ஆளும் இருக்காது. காரணத்தைச் சீட்டில் எழுதும் வழக்கத்தை, கேட்க ஆள் இருக்கும்போதே கொண்டுவந்துவிடுவது நல்லது.

என் புகார் எண்ணும், மை மங்கத் தொடங்கிவிட்ட துண்டுச் சீட்டும், அதன் ஒளிநகலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அதிகாரிகள் யாரேனும் இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கேட்டால், தங்கள் அலுவலகம் வாயிலாகவே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர் ஒருவர்,
மதுரை.